ஆடுது

அப்பா முதல் முறை பட்டறைக்கு வந்தபோது ஒரே ஒரு சொல்தான் சொன்னார்.

"ஆடுது."

நான் தலையாட்டினேன். ஜாக்கியைக் கொண்டு வரும்படி குண்டூசி அண்ணனுக்குச் சைகை காட்டினேன். எனக்கும் அப்பாவுக்கும் அது நீளமான பேச்சு.

குண்டூசி அண்ணன் டயர் கழற்றி மாட்டுபவர். ஒல்லியாக இருந்த காலத்தில் யாரோ வைத்த பெயர். இப்போது அவர் குனிந்தால் பின்னால் நிற்கும் காரே மறைந்துவிடும். உடம்பு மாறிவிட்டது, பெயரை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை.

நான் சக்கரங்களுக்கு பாலன்சிங் பார்க்கிறேன். படித்தது பௌதிகம். படிப்பு முடிந்து வேலை தேடிய எல்லா இடத்திலும் "உன்னப் பத்திச் சொல்லும்மா" என்றார்கள். சொல்ல வரவில்லை. இங்கே முதலாளி மட்டும் பேச வேண்டாம் என்றார்.

"வாயாடிய வெச்சா கஸ்டமர் நின்னு கதை பேசுவான். நீ ஸ்கிரீனைப் பாரு, எவ்வளவு வெயிட்டு, எந்தப் பக்கம்னு சொல்லு. போதும்."

எனக்கு அது வரம் கிடைத்த மாதிரி இருந்தது.

எந்தச் சக்கரமும் எல்லாப் பக்கமும் ஒரே கனம் இல்லை. எங்கேயோ ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதல் இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது தெரியாது. வேகம் பிடித்தால் அந்த இடம் சக்கரத்தை வெளியே இழுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இழுப்பு. அது அச்சு வழியாக ஏறி ஸ்டியரிங்கில் நடுக்கமாக வந்து நிற்கும். இயந்திரத்தில் சக்கரத்தை மாட்டிச் சுழற்றினால் எதிர்ப் பக்கத்தில் எத்தனை கிராம் வெயிட் ஒட்ட வேண்டும் என்று காட்டும். சின்னக் கார்களுக்கு இது விளையாட்டு.

அப்பா ஓட்டுவது போன்ற வண்டிகளுக்கு அப்படி இல்லை. கல்லிலும் மணலிலும் சேற்றிலும் ஏறுவதற்கென்றே செய்த டயர்கள். என் இடுப்பு உயரம். தடித்த ரப்பர்க் கட்டிகள் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். குண்டூசி அண்ணன் இவற்றுக்கு யானைக்கால் என்று பெயர் வைத்திருக்கிறார். "சயின்டிஸ்ட், யானைக்கால் வந்திருக்கு, ஓடி வா" என்று கத்துவார். இயந்திரத்தின் மூடி இவற்றுக்கு மூடாது. ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் திரை ஒவ்வோர் எண்ணைக் காட்டும்.

அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். முதலில் சுழற்றிக் கனமான இடத்தைக் குறித்துக்கொள்வேன். பிறகு சக்கரத்தைத் தளர்த்தி அரை வட்டம் திருப்பி மாட்டி மறுபடி சுழற்றுவேன். கனமான இடமும் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பினால் குறை சக்கரத்தில் இருக்கிறது. அது இருந்த இடத்திலேயே நின்றால் சக்கரத்தின் மேல் பழி இல்லை. மாட்டிய விதத்தில் குறை.

அப்பாவின் வண்டி கம்பெனி வண்டி. மலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களை மேலே ஏற்றிப் போய், வேலை முடிந்தவர்களைக் கீழே கொண்டு வருவார். பாதி தூரம் தார்ச்சாலை. பிறகு காய்ந்த ஆற்று மணல். அதற்கு மேல் வெறும் கல்; ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றும் இல்லை.

அம்மா இறந்துபோன பிறகு அப்பா விடுப்பே எடுப்பதில்லை. அம்மாதான் எங்கள் இருவருக்கும் நடுவில் தபால்காரி. "ஒங்கப்பா சட்டை எடுக்கணுமாம்." "ஒங்க பொண்ணுக்குத் தலைவலியாம், என்னன்னு கேக்க மாட்டீங்களா?" ஒரே அறையில் நாங்கள் மூவரும் இருக்கும்போதே இப்படித்தான். தபால்காரி போனதும் தபாலும் நின்றது. அப்பா சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். பக்கத்தில் என் தட்டைக் கழுவி வைப்பேன். இரண்டு தட்டும் நேர்த்தியாகக் காயும்.

வண்டி ஆடுகிறது என்று பின்னால் உட்காருபவர்கள் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் அப்பாவைக் கூப்பிட்டு, டயரைக் காட்டிச் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் மலை வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு உங்களுக்கு ஆபீஸ் காரைத் தருகிறேன் என்றாராம். இதுவும் அப்பா சொல்லித் தெரியவில்லை. அந்த வண்டியில் போகிற ஒருவர் பட்டறைக்குக் காற்றடிக்க வந்தபோது சொன்னார்.

ஆபீஸ் கார் என்றால் ஒரு கட்டடத்தின் வாசலில் நாள் முழுக்க நிற்பது. அப்பா அப்படி நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஆட்டத்தை நான் நிறுத்தினால் மலை வண்டி அவரிடமே இருக்கும். என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதைச் செய்வதற்குப் பேசவும் வேண்டியதில்லை.

முதல் முறை காரணம் எளிது. ரிம்மின் உட்புறத்தில் சேறு காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. தட்டி எடுத்தேன். நான்கு சக்கரத்துக்கும் பாலன்சிங் பார்த்தேன். டயரிலும் ரிம்மிலும் தொடர்ந்து வருகிற மாதிரி வால்வுக்கு நேராக ஒரு மஞ்சள் கோடு இழுத்தேன். பெரிய டயர் எல்லாவற்றுக்கும் இந்தக் கோடு போடுவேன். அப்பா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் பேண்ட் பைக்குள் இருந்தன.

போகும்போது ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி நின்றார். அந்த நேரம் பார்த்துக் காற்றடிக்கும் கம்ப்ரசர் சத்தம் போட்டது. கிளம்பிவிட்டார்.

சில நாள் கழித்து மறுபடி வந்தார்.

"ஆடுது."

இந்த முறை நான் வண்டியைத் தூக்குவதற்கு முன்பே குனிந்து பார்த்தேன். முன் சக்கரம் இரண்டிலும் மஞ்சள் கோடு முறிந்திருந்தது. ரிம்மில் இருந்த பாதி ஓரிடத்தில், டயரில் இருந்த பாதி ஒரு சாண் தள்ளி.

"அண்ணே, இங்க பாருங்க" என்றேன்.

குண்டூசி அண்ணன் மண்டியிட்டார். "அட! யானைக்கும் அடி சறுக்கும்னு சொன்னது சரியாப் போச்சே. டயரு தனியா நடந்து போயிருக்கு."

மணலில் போகும்போது டயர் புதையாமல் இருக்க அப்பா காற்றை இறக்கிவிடுவார். காற்று குறைந்தால் டயருக்கு ரிம்மின் மேல் பிடி குறையும். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் ரிம் நின்றுவிடும், டயர் கொஞ்சம் நழுவும். நான் பார்த்துப் பார்த்து ஒட்டிய வெயிட் எல்லாம் அப்புறம் தப்பான இடத்தில்தான் இருக்கும்.

"காத்தை ரொம்ப எறக்காதீங்கப்பா" என்றேன்.

"டயருதானா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. டயர்தான்."

அவர் முகம் தெளிந்தது. அவ்வளவு தெளிந்ததை நான் வெகு நாளாகப் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று வீட்டில் தட்டைக் கழுவும்போது, "டயருதான்னு சொல்லிட்டேன் ஆபீசுல" என்றார். நான் கேட்காமலே சொன்னது. அதை நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

மூன்றாவது முறை அவர் வந்தபோது பட்டறையில் கூட்டம். முதலாளி கல்லாவில் இருந்தார். அப்பா என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்.

"இன்னும் ஆடுது."

கோடுகள் முறியவில்லை. சேறு இல்லை. நான்கையும் கழற்றி மாட்டிச் சுழற்றினேன். உள் பக்கம் பூஜ்யம், வெளிப் பக்கம் பூஜ்யம். அரை வட்டம் திருப்பி மாட்டினேன். பூஜ்யம். டயர் வட்டமாகத்தான் இருக்கிறதா என்று ஒரு கம்பியை நேராக வைத்துச் சுற்றிப் பார்த்தேன். ரிம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். குண்டூசி அண்ணன் வண்டியின் அடியில் படுத்து மூட்டு ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாக இருந்தது.

அவர் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, முதலாளிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். டயரைத் தப்பு சொல்லி என்ன பண்றது?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவுக்குக் கேட்டது. அவர் சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார். அதில் நான்கு சொற்கள்தான் இருந்தன. வெகு நேரம் படித்தார்.

"அண்ணே, அவர் எங்கப்பா" என்றேன்.

"ஐயையோ, தெரியும்மா. சும்மா ஒரு பேச்சுக்கு" என்று குண்டூசி அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாமி, மனசுல வெச்சுக்காதீங்க. இந்த வாயி இருக்கே, இதுக்கும் ஒரு வெயிட்டு ஒட்டணும்."

அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சரியாகச் சிரிக்க வரவில்லை.

"நீயே ஓட்டிப் பாத்துட்டு வந்துடேன்" என்றார் முதலாளி. "அப்பாவையும் கூட்டிட்டுப் போ."

ஊருக்கு வெளியே நீளமான சாலை இருக்கிறது. முதலில் நான் ஓட்டினேன். அறுபதில் ஒன்றும் இல்லை. எண்பதில் ஒன்றும் இல்லை. நூறு வரை போனேன். பெரிய டயரின் பற்கள் தார்ச்சாலையில் ஊஊ என்று ஊளையிட்டன, அவ்வளவுதான். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்தேன். படுத்திருக்கிற பூனை மாதிரி இருந்தது.

"ஆடலையேப்பா."

"நான் ஓட்றேன்" என்றார்.

இடம் மாறினோம். அவர் வண்டியை எடுத்தார். நாற்பதைத் தொடுவதற்குள் பார்த்தேன், ஸ்டியரிங் நடுங்கியது. அறுபதிலும் அதே நடுக்கம். எண்பதிலும் அதே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சக்கரத்தின் நடுக்கம் அப்படி இருக்காது. அதற்கென்று ஒரு வேகம் இருக்கும். அந்த வேகத்தில் வரும், தாண்டினால் மாறும். சக்கரம் வேகமாகச் சுற்றினால் நடுக்கமும் வேகமாகும். இது எந்த வேகத்துக்கும் கட்டுப்படவில்லை. வண்டி அதே வண்டி. சாலை அதே சாலை. திருப்பி மாட்டியது ஓட்டுநரை மட்டும்தான்.

நான் அவர் கைகளைப் பார்த்தேன். வலது கை சும்மா இருந்தது. இடது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல அசைந்துகொண்டிருந்தன. அந்த அசைவு ஸ்டியரிங்கில் ஏறியது.

கொஞ்ச நாளாக அவர் டீயைப் பாதி டம்ளர்தான் ஊற்றச் சொல்கிறார். சர்க்கரையைக் குறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். பித்தான் வைத்த சட்டையை விட்டுவிட்டுப் பனியன் மாதிரித் தலை வழியாக மாட்டுவதைப் போடுகிறார். வெயில் என்று நினைத்திருந்தேன். எதையும் கேட்கவில்லை.

"நிறுத்துங்கப்பா" என்றேன்.

ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். சாலையில் யாரும் இல்லை. ஒரு புறம் கம்பி வேலி, மறு புறம் வெட்ட வெளி. கையை அவர் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. நின்ற வண்டியில் ஸ்டியரிங் மெல்ல மெல்ல நடுங்கியது. சாவிக் கொத்து டாஷ்போர்டில் தட்டிக்கொண்டே இருந்தது.

"வண்டி நின்னுடுச்சுப்பா."

"தெரியுது."

சாவிக் கொத்து தட்டியது.

"எப்பலேர்ந்து?"

"ஒங்கிட்ட வந்து சொன்னேனே" என்றார். "மொத தடவையே. ஆடுதுன்னு."

"நான் வண்டின்னு நெனச்சேன்."

"வண்டின்னு நான் சொல்லலியே. எது ஆடுதுன்னு கேப்பேன்னு பாத்தேன். நீ பாட்டுக்கு ஜாக்கியக் கொண்டாரச் சொல்லிட்டே."

அவர் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் முதல் முறையை நினைத்துப் பார்த்தேன். ஆடுது. ஒற்றைச் சொல். எது என்று அதில் இல்லை. அந்த இடத்தில் நானே வண்டியைக் கொண்டு போய் வைத்தேன். எனக்குத் தெரிந்தது வண்டி.

"நெசமாவே டயரும் ஆடுச்சுப்பா. சேறு இருந்துச்சு. அப்புறம் நழுவுச்சு."

"அதான் எனக்கே கொழப்பம். நீ டயருதான்னு சொன்னப்போ, சரி, படிச்ச பொண்ணு சொல்றா, எல்லாமே டயராத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் கையி ஆடவே இல்ல, தெரியுமா? ஆடுனாலும் டயருதான்னு நெனச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் முன் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு அது நின்றது.

"டாக்டரைப் பாப்போம்பா."

"பாக்கலாம்."

"நாளைக்கே போவோம்."

"நாளைக்கு மேல போகணும். ஆளுங்க காத்திருப்பாங்க." அவர் இடது கையைத் தூக்கித் தொடை மேல் வைத்தார், அடுத்தவர் கையைத் தூக்கி வைக்கிற மாதிரி. "வலது கை சுத்தமா நல்லா இருக்கு. நீயே பாத்தே இல்ல? ஸ்டியரிங்குக்கு அது ஒண்ணு போதும், கியருக்கு மட்டுந்தான் இது. மெதுவாத்தானே போறோம். இன்னும் கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியாது."

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அவர் நாளைக்கு மேலே போவார். நான் சொல்லாமல் இருப்பேன் என்று அவருக்குத் தெரியும். இதுவரை அப்படித்தான் இருந்திருக்கிறேன். அந்தக் கல் பாதை என் கண்ணுக்குள் வந்தது. ஒரு பக்கம் பாறை.

"பின்னாடி ஆளுங்க உக்காந்திருப்பாங்கப்பா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" குரல் உயர்ந்தது. அவர் என்னிடம் குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. "ஒன் வயசைவிட அதிக வருஷம் நான் அந்தப் பாதையில போயிட்டு வந்திருக்கேன்."

"வேண்டாம்பா. நீங்க போகக் கூடாது."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். நான் பார்வையைக் கீழே போடவில்லை. போட்டால் தோற்றுவிடுவேன் என்று தோன்றியது.

அவர்தான் முதலில் பார்வையைத் திருப்பினார். "அப்போ என்ன பண்ணச் சொல்றே?" என்றார். கோபம் போயிருந்தது. "மேல போய் வண்டிய நிறுத்திட்டு ஒரு கல்லு மேல உக்காந்துக்குவேன். அடுத்த ஆளுங்க எறங்கி வர்ற வரைக்கும். காத்து மட்டுந்தான். நல்லா இருக்கும். வீட்ல..." நிறுத்தினார். "வீட்ல உக்காந்து என்ன பண்றது?"

வீட்டில் நான் இருக்கிறேன் என்று சொல்லலாம். நான் இருந்துகொண்டுதான் இருந்தேன். அது அவருக்கு எவ்வளவு உதவியது என்று இருவருக்கும் தெரியும்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். வண்டியின் முன்னால் சுற்றி நடந்து என் பக்கம் வந்து நின்றார். நான் உள்ளேயே நகர்ந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் ஏறினார். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்சம் தேடினார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆபீசுக்கு விடு" என்றார்.

கம்பெனி வளாகத்தில் வண்டியை நிறுத்தினேன். மேற்பார்வையாளர் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். கழுத்தில் அடையாள அட்டையோடு வெளியே வந்தார்.

"என்னண்ணே, டயரு சரியாயிடுச்சா?"

"டயரு சரியாயிடுச்சு தம்பி. எம் பொண்ணுதான் பாத்தா. இனி ஆடாது." அப்பா சாவியை நீட்டினார். இடது கையால் நீட்டினார். வேண்டுமென்றே என்று எனக்குத் தோன்றியது. கொத்து முழுக்கக் கலகலவென்று ஆடியது. "இதுதான் ஆடுது. வேற ஆளைப் போட்டுக்கப்பா."

மேற்பார்வையாளர் சாவியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "உக்காருங்கண்ணே, டீ சொல்றேன்" என்றார். "ஆபீஸ் காரு..." என்று ஆரம்பித்தவர், அதுவும் ஓட்டுகிற வண்டிதான் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

"டீ வேணாம்" என்றார் அப்பா. "மணல்ல காத்தை ரொம்ப எறக்க வேணாம்னு புதுசா வர்ற ஆளுகிட்ட சொல்லிடு. டயரு நழுவும்."

வளாகத்தின் வாசலிலேயே பேருந்து நிற்கும் இடம். நாங்கள் காத்திருந்தோம். நம்மூர்ப் பேருந்தில் அப்பா ஏறியதே இல்லை. எங்கே போவதென்றாலும் அவரிடம் ஏதாவது ஒரு வண்டி இருக்கும். பேருந்து வந்ததும் முன் கதவுக்குப் போனார். "இதுல எறங்கத்தான் முடியும், பின்னாடி ஏறுங்க பெரியவரே" என்று நடத்துநர் சொன்னார். பெரியவரே என்றதும் அப்பா யாரையோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

சேர்ந்தாற்போல் இடம் இல்லை. அவருக்கு முன்னால் ஓர் இடம் கிடைத்தது, எனக்குக் கடைசி வரிசையில். நடுவில் நிறைய பேர் நின்றார்கள். ஆட்களின் கைகளுக்கு இடையில் அவருடைய தலையின் பின்பக்கம் தெரிந்தது. முடி அங்கே இவ்வளவு நரைத்திருப்பது தெரியாமல் இருந்தேன். வீட்டில் அவரை நான் பின்னால் நின்று பார்த்ததில்லை போல.

எங்கள் தெருவுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் அவர் எழுந்தார். பேருந்து எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று அவருக்குத் தெரியாது. சாலை தெரியும், கடைகள் தெரியும், அதை வைத்து எழுந்துவிட்டார். கதவை நோக்கி நகர ஆரம்பித்தார். பேருந்து நின்றது. முன்னால் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள்.

நான் பேருந்தில் சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. டிக்கெட் வாங்கும்போது நடத்துநர் இரண்டு முறை "என்ன?" என்று கேட்பார்.

"அப்பா!"

பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு குழந்தை கூட.

"அப்பா, எறங்காதீங்க! இன்னும் நம்ம ஸ்டாப் வரல!"

அவர் படியில் வைத்த காலை எடுத்தார். என்னைத் தேடினார். கூட்டத்தில் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். பார்த்துவிட்டார். தலையாட்டினார்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டிருந்தார். அப்பா மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேருந்து கிளம்பியது.